தவலை, பாத்திரம், சாமான், அது

கும்பகோணத்தில் எங்களுடையது பாத்திரக் கடை. தாத்தா ஆரம்பித்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். ஒரு பாத்திரத்தைக் கையில் வாங்கியதும் அதன் பெயர், எடை, எந்த ஊர்ச் சரக்கு, அடி கனமா இல்லையா என்று மூச்சு விடாமல் சொல்வார். தவலை வேறு, அண்டா வேறு, கொப்பரை வேறு, குண்டான் வேறு. வருகிறவர்கள் எல்லாவற்றையும் பொதுவாகப் பாத்திரம் என்று சொன்னால், சரியான பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் விலை சொல்வார். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்தக் கடையில் கற்றது.

அந்த மனிதர் ஒரு நாள் தவலையைக் காட்டி "அந்தப் பாத்திரத்தை எடு" என்றார். கொஞ்ச காலம் போனதும் "அந்தச் சாமானை எடு" என்றார். அப்புறம் "அதை எடு" என்றார். இதற்குள் மூன்று வருடம் ஓடியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. 2022 மார்ச்சில் சென்னையில் நரம்பியல் மருத்துவர், அப்பாவுக்கு வந்திருப்பது அல்சைமர், ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று சொன்னபோது அவருக்கு வயது 72.

இந்த நோயைத் தமிழில் மறதி நோய் என்கிறோம். அந்தப் பெயரே எங்களைத் திசை திருப்பிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். மறதி என்றால் சாவியைத் தொலைப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போவது, வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்பா அப்படி எதுவும் செய்யவில்லை. கல்லாச் சாவி எப்போதும்போல இடுப்பில் இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னார். ஆகவே மறதி இல்லை, ஆகவே நோய் இல்லை என்று இருந்துவிட்டோம். அவரிடமிருந்து முதலில் போனவை வார்த்தைகள். அதுவும் அறுபது வருடமாகத் தினமும் அவர் வாயில் புழங்கிய வார்த்தைகள்.

முதலில் கவனித்தது கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அண்ணன். "ஐயா இப்பல்லாம் பேர் சொல்றதில்லம்மா, கை காட்டுறாரு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "முதலாளியைப் பத்தி நான் எப்படிம்மா சொல்றது" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். காலையில் பேப்பர் போடுகிறவர், டீக்கடைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா. பெரியவரிடம் தினமும் நாலு வார்த்தை பேசுகிறவர்களிடம் வருடத்துக்கு ஒரு முறையாவது நாமாகப் போய்க் கேட்க வேண்டும். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்குள் மறைந்ததற்குக் காரணம் அம்மா. அவள் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். "அந்த... அவன் வந்தானே, அந்த வெள்ளையா பூசுவானே..." என்று அப்பா இழுத்தால், "ஈயம் பூசுறவரா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். அப்பாவும் "அதான்" என்று மேலே போய்விடுவார். அன்பாகச் செய்த காரியம். அந்த "அதான்" ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் நாங்கள் எண்ணவில்லை.

தமிழ்ப் பேச்சும் இதற்கு இடம் கொடுக்கிறது. "அதை அங்க வச்சுட்டு இதை எடுத்துட்டு வா" என்று நாம் எல்லோருமே பேசுகிறோம். எழுவாய் இல்லாமல் முழு வாக்கியம் பேசலாம், யாருக்கும் குறையாகத் தெரியாது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றாக உதிர்ந்தாலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காரணம் அப்பாவின் கடைப் பேச்சு. "வாங்கம்மா, உள்ள வாங்க, பொண்ணுக்கா? நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கீங்க, மோர் குடிங்க முதல்ல." இதில் ஒரு சொல்கூடத் தடுக்காது. பழமொழி தடுக்காது, நலம் விசாரிப்பு தடுக்காது, சாமி பெயர்கள் தடுக்காது. வாய்க்குப் பழகிய தொடர்கள் அல்சைமர் நோயாளிகளிடம் ரொம்ப நாள் தங்குகின்றன, சிலரிடம் முன்னைவிட அதிகமாகவும் வருகின்றன என்று மொழியியல் ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகும் விருந்தாளிக்கு அப்பா முன்பைவிடக் கலகலப்பாகத் தெரிந்தார். "உங்க அப்பாவுக்கு என்ன, நல்லாத்தானே பேசுறாரு" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நானும் அதை நம்ப விரும்பினேன்.

2021 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிடும்போது ரசம் இருந்த ஈயச் சொம்பைக் காட்டி "அந்தக் கரண்டியை நகர்த்து" என்றார். அடுத்த நிமிடமே சரியாகிவிட்டார். ஆனாலும் எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வயதானால் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடத்தை விட்டுவிட்டோம். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அவரிடம் போய்ச் சொன்னது "கொஞ்சம் மறதி இருக்கு டாக்டர்" என்ற ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன கண்டுபிடிப்பார்?

சென்னையில் இரண்டாவது மருத்துவரைப் பார்க்கப் போனபோது அந்த ஒரு வரியோடு போகவில்லை. இரண்டு மாதம் ஒரு நோட்டில் தேதி போட்டு, அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தேன். என்ன சொல்ல வந்தார், என்ன சொன்னார், தானாகத் திருத்திக்கொண்டாரா, காலையா சாயங்காலமா, தூங்கி எழுந்த பிறகா. "தாம்பாளம் என்பதற்குத் தட்டு மாதிரி பெருசு என்றார்." "நாச்சியார்கோயில் குத்துவிளக்கை நாச்சியார்கோயில் அது என்றார்." இப்படி நாலு பக்கம். மருத்துவர் அந்த நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் படித்தார். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். மருத்துவர் அப்பாவிடம் "கடைசியா எந்தக் கல்யாணத்துக்குப் போனீங்க?" என்று கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள். மருத்துவர் கையைக் காட்டி, "நீங்க கொஞ்சம் பின்னாடி உட்காருங்கம்மா" என்றார். இரண்டாவது கேள்விக்கும் அப்பாவின் தலை திரும்பியது. மூன்றாவதற்கும். அந்தத் தலைத் திருப்பலே ஒரு அறிகுறி என்று அவர் பிறகு விளக்கினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர்களும் உரையாடலை ஆராய்கிறவர்களும் சேர்ந்து, நினைவாற்றல் கிளினிக்குக்கு வருகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நிலைக்கு டிமென்ஷியா என்று பொதுப்பெயர், அல்சைமர் அதில் ஒரு வகை. டிமென்ஷியா உள்ளவர்கள் கேள்வி வந்ததும் கூட வந்தவரைப் பார்க்கிறார்கள். ஒரே கேள்வியில் இரண்டு மூன்று பகுதி இருந்தால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்கிறார்கள். "கடைசியா எப்ப மறந்தீங்க?" என்று கேட்டால் பொதுவாக ஏதோ சொல்கிறார்கள், குறிப்பான சம்பவம் வருவதில்லை. மன அழுத்தத்தாலோ கவலையாலோ மறதி என்று வருகிறவர்கள் இதற்கு நேர்மாறாக, எந்த நாள், எந்த இடம், என்ன மறந்தது என்று விவரமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதே பல்கலைக்கழகத்தில் இப்போது, கணினியே கேள்வி கேட்டு பதிலை ஆராயும் காக்னோஸ்பீக் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தத் தலைத் திருப்பலைப் பார்ப்பது கஷ்டம், ஏனென்றால் புருஷனுக்குப் பெண்டாட்டியும் அம்மாவுக்குப் பையனும் பதில் சொல்வதுதான் வழக்கம். கேள்வி நோயாளியிடம் போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிடும். ஆகவே கூடப் போகிறவர் பின்னால் உட்கார வேண்டும், பேசக் கூடாது. அம்மாவுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். அப்பா ஏழு சொன்னார். அதில் மாடு இரண்டு தடவை. நாற்பது வினாடிக்குப் பிறகு சும்மா சிரித்துக்கொண்டு இருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவு சொல்வதற்கு முன் மருத்துவர் வேறு காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பி12 சத்து குறைந்தால் இப்படி வரலாம். தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, தலையில் பட்ட அடிக்குப் பின் மெதுவாகத் தேங்கும் ரத்தம், எல்லாமே பேச்சையும் நினைவையும் குழப்பும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். காது கேட்கும் சோதனை கட்டாயம் என்றார். அப்பாவுக்கு இடது காது பாதிதான் கேட்டது. பாத்திரக் கடையில் அறுபது வருடம் உட்கார்ந்தவருக்கு அது ஆச்சரியமில்லை. காது சரியாகக் கேட்காதவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், கூட்டத்தில் ஒதுங்குவார், பார்ப்பதற்கு டிமென்ஷியா மாதிரியே இருக்கும். அதோடு, நடுத்தர வயதில் காது மந்தமாவதே டிமென்ஷியாவுக்கான, நம்மால் மாற்றக்கூடிய முக்கியக் காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு சொல்கிறது. 2024 அறிக்கையில் அப்படி 14 காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கினோம். நோய் குணமாகவில்லை, ஆனால் பேச்சுக்கு நடுவில் அவர் திகைத்து நிற்பது குறைந்தது. பத்து வருடம் முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டியது.

இன்னொன்று. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ நோட்டு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உப்புச்சத்து குறைந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் சொல்வது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும் மாற்றத்தைப் பற்றி.

சரி, இப்போது என் போனுக்கு வருகிறேன். நான் வைத்திருந்த போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். 2018இலிருந்து அப்பாவோடு ராத்திரி பேசியது எல்லாம் தேதியோடு அதில் கிடந்தது. நோய் உறுதியான அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதைத் திறந்தேன்.

2018 அக்டோபர் கடைசி, தீபாவளிக்கு முந்தைய வாரம். பதினோரு நிமிடம். "காலையில லாரி வந்து, சரக்கை இறக்கி, எடை போட்டுப் பார்த்தா நாலு கிலோ குறையுது பாப்பா. போன் போட்டு சத்தம் போட்டதும் அவனே ஓடி வந்து கணக்குல கழிச்சுக் கொடுத்துட்டுப் போனான்." தவலை, அண்டா, சம்படம், தூக்கு, கூஜா என்று அந்த ஒரு அழைப்பில் 19 பாத்திரப் பெயர். 2021 அக்டோபர், அதே தீபாவளிச் சமயம். ஆறு நிமிடம். "லாரி வந்துது. இறக்கினாங்க. சரியில்ல. அவன் என்னமோ சொன்னான்." பாத்திரப் பெயர் மூன்று. அது, இது, சாமான், என்னமோ எல்லாம் சேர்த்து 31. வந்து, இறக்கி, போட்டுப் பார்த்தா என்று ஒரே மூச்சில் கோத்துக்கொண்டு போன வினைகள் தனித்தனியாக நின்றன. மாதத்துக்கு ஓர் அழைப்பு என்று எடுத்து விடியவிடிய எழுதினேன். சரிவு ஒரே நேர்கோடாக இல்லை, நல்ல மாதமும் வந்தது. ஆனால் 2019 நடுவிலிருந்தே தெரிந்தது. நாங்கள் சந்தேகப்படுவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்.

இதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். நிறைய இருந்தது. இந்த நோயின் முதல் நோயாளியே பேச்சில்தான் அடையாளம் காட்டியிருக்கிறார். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அப்படியே எழுதி வைத்தார். பன்றிக்கறியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பசலைக்கீரை என்கிறார். பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று மட்டும் எழுதி நிற்கிறார். ஈயச் சொம்பைக் கரண்டி என்றாரே அப்பா, அதே மேஜைக்கு நூற்றிருபது வருடம் முன்னால் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அல்சைமரும் வைத்திருந்தது ஒரு நோட்டுதான்.

என் போன் வேலையைப் போலவே இருந்தது அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு. ஜனாதிபதி ரீகன் தமக்கு அல்சைமர் என்று அறிவித்தது 1994இல், பதவியை விட்டு ஐந்தாண்டு கழித்து. 2015இல் இந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரீகனின் 46 பத்திரிகையாளர் சந்திப்புகளையும், அடுத்து வந்த ஜார்ஜ் புஷ்ஷின் 101 சந்திப்புகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். போகப் போக ரீகன் பேச்சில் புதிய சொற்கள் குறைகின்றன, "விஷயம்" போன்ற எதையும் குறிக்காத பொதுப் பெயர்ச்சொற்கள் கூடுகின்றன. புஷ்ஷிடம் அப்படி இல்லை. இதை வைத்துப் பதவியிலேயே அவருக்கு நோய் இருந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் நோட்டில் இருந்த 'சாமான்' எண்ணிக்கையைத் திரும்பப் பார்த்தேன்.

எழுத்திலும் இது தெரியும். ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் ஆரம்ப கால, நடுக்கால நாவல்களோடு 1995இல் வந்த அவருடைய கடைசி நாவலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் கெரார்டு குழு ஒப்பிட்டது. இலக்கணம் குலையவில்லை, சொல்வளம் மட்டும் சுருங்கியிருந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது அந்த நாவல் வந்த பிறகுதான். வாக்கியம் நிற்கிறது, சொல் போகிறது. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அந்த வரிசைதான்.

கன்னியாஸ்திரீகள் ஆய்வு என்று ஒன்று உண்டு. ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன் 1986இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு கென்டக்கிக்குக் கொண்டுபோனது. 678 பேர். மடத்தில் சேர்ந்தபோது, இருபது சொச்சம் வயதில், தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்களில் சிலர் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, பத்து வார்த்தைக்கு எத்தனை கருத்து இருக்கிறது என்று மொழியியலாளர் சூசன் கெம்பர் எண்ணினார். அந்த அடர்த்தி குறைவாக இருந்தவர்களிடம் அறுபது வருடம் கழித்து நோய் அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நானும் பயந்து என் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அப்படிப் பார்க்காதீர்கள். ஒரு குழுவைப் பற்றிச் சொன்னதை ஒரு ஆளின் ஜாதகமாக வாசிக்கக் கூடாது.

ஒவ்வொரு தடுமாற்றமும் நோய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கும் அறுபது வயதுக்காரர்கள் இன்று ராத்திரி தூங்க மாட்டார்கள். ஆட்களின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் இருப்பது எல்லோருக்கும் நடக்கும். டொரான்டோவில் பேக்ரெஸ்ட் ஆய்வு மையமும் டொரான்டோ பல்கலைக்கழகமும் 18 முதல் 90 வயது வரை ஆரோக்கியமான 125 பேரை ஆராய்ந்தன. வார்த்தை தேடி நிற்பதைவிட, பொதுவாகப் பேசும் வேகம்தான் மூளையின் ஆரோக்கியத்தோடு அதிகம் சேர்ந்து போகிறது என்று கண்டார்கள். என் அனுபவத்தில் கவலைப்பட வேண்டியது, தினமும் தொட்டுப் புழங்கும் பொருளின் பெயர் போவது, அது திரும்ப வராமலே இருப்பது, போனது அவருக்கே தெரியாமல் இருப்பது.

கணினி விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில், லேசான நினைவுக் குறைபாடு இருந்த 166 பேரின் பேச்சுப் பதிவை வைத்து, ஆறு வருடத்துக்குள் யாருக்கு அல்சைமர் வரும் என்று கணித்தார்கள். 78.5 சதவீதம் சரியாக இருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அது தவறு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போனில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கி அப்பாவைப் பேச வைத்து, அது காட்டும் நிறத்தைப் பார்த்து அழவோ நிம்மதி அடையவோ வேண்டாம். இந்தத் துறையில் அதிகம் பயன்படும் பதிவுத் தொகுப்புகளில் ஒன்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1980களில் சேகரித்தது, அது ஆங்கிலம். அதில் பேசுகிறவர்கள் விவரிப்பது ஒரு அமெரிக்கச் சமையலறைப் படம். முக்காலியில் ஏறிப் பையன் பிஸ்கட் எடுக்கிறான், முக்காலி சாய்கிறது, தண்ணீர் தொட்டி நிரம்பி வழிகிறது, அம்மா கவனிக்காமல் தட்டைத் துடைக்கிறாள். எங்கள் அப்பா பேசும் தஞ்சாவூர்த் தமிழில், எழுவாயை விழுங்கிவிடும் தமிழில், எது இயல்பு எது குறை என்று சொல்லித்தர அதேபோல நம் பெரியவர்களின் பேச்சு வேண்டும். நம் பல்கலைக்கழக மொழியியல் துறைகளும் நரம்பியல் துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்காக அதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

நம் நாட்டிலிருந்தே வந்த ஒரு ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பேக்கும் சேர்ந்து 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஊர் ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் அப்பா வடக்கே இருந்து சரக்கு அனுப்புகிறவர்களோடு நாற்பது வருடம் இந்தியில் பேரம் பேசினார். அந்த இந்தி எங்களுக்கு இரண்டு மூன்று தீபாவளியைக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. அந்தச் சமையலறைப் படத்தைப் பற்றிப் படித்த வேகத்தில், கடையின் பழைய தீபாவளிக் கூட்டப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்து, "இதுல என்னென்ன இருக்கு சொல்லுங்கப்பா" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கூட்டமா இருக்கு. நல்ல நாளு. எல்லாம் இருக்கு" என்றார். மேலே வரவில்லை. நான் பேனாவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னைப் பரீட்சை வைக்கிறியா பாப்பா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. அன்றோடு நிறுத்தினேன். சோதனை மருத்துவரின் வேலை. மகளுக்கு அது வேண்டாம். "இது யாரு தெரியுதா? என் பேரு சொல்லுங்க பார்ப்போம்" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதையும் வாசலிலேயே தடுத்துவிடுகிறோம். "மாமா, நான் உங்க தங்கச்சி பையன், திருச்சியிலேர்ந்து வர்றேன்" என்று அவர்களே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தால் அப்பாவின் முகம் மலர்ந்துவிடுகிறது.

அவரிடம் பேசும் முறையை நாங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டோம். முதல் விஷயம், விழுங்கிய எழுவாயைத் திரும்பக் கொண்டுவருவது. "போயிட்டான்" என்றால் அவருக்கு யார் என்று பிடிபடாது. "சேகர் பேங்குக்குப் போயிட்டான்" என்று சொல்ல வேண்டும். "அதை இங்க வைங்க" இல்லை, "சொம்பை மேஜை மேல வைங்க". என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் திணறுகிறார். "காப்பியா, மோரா?" என்றால் உடனே பதில் வருகிறது. டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு சமயத்தில் ஒரு விஷயம். அவர் வார்த்தை தேடும்போது மனதுக்குள் பத்துவரை எண்ணுகிறேன். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பாதித் தடவை வார்த்தை வந்துவிடுகிறது. வராவிட்டால், அவர் முகத்தில் தவிப்பு தெரிந்தால், அப்போது எடுத்துக் கொடுக்கலாம். தவறாகச் சொன்னால் திருத்துவதில்லை. அம்மாவுக்குத்தான் இந்தப் பத்து இன்னும் வரவில்லை. ஆறிலேயே சொல்லிவிடுகிறாள்.

கடை விஷயத்தை உடனே ஒழுங்கு பண்ணினோம். பத்திரம், வங்கிக் கணக்கு, உயில் எல்லாம் அவர் தெளிவாக யோசித்து வேண்டும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய காலத்திலேயே, அவர் விருப்பப்படி முடிந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன லாபம், குணமாகாத நோய்தானே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அப்பாவைப் பற்றிய முடிவுகளை அப்பாவே எடுத்தார். போன் பதிவுகளை வைத்துக்கொள்ளலாமா என்றும் அவரிடமே கேட்டேன். "வச்சுக்க, என் குரல்தானே" என்றார்.

உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கம் 1992இலிருந்து இயங்குகிறது. மூத்த குடிமக்களுக்கான அரசு உதவி எண் 14567. அம்மா போன்றவர்களுக்குப் பேச ஆள் வேண்டும், பார்த்துக்கொள்கிறவர்கள் கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போன பிறகுதான் அவள் ராத்திரி தூங்கினாள்.

அப்பா இப்போதும் காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறார். வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுக்கிறார். பெயரும் விலையும் அண்ணன் சொல்கிறார். அண்ணன் இப்போது பாத்திரத்தை எடுத்து வைக்கும்போதெல்லாம் சத்தமாக "தவலைங்க ஐயா", "கொப்பரைங்க ஐயா" என்று சொல்லியே வைக்கிறாராம். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி நானும் அப்பாவும் மூன்று நிமிடம் நாற்பது வினாடி பேசினோம். "சாப்பிட்டியா பாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் பெயர் சொல்லியே சொன்னேன். ரவை உப்புமா, தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் பால்.